சொதியில் ஒளிக்க இடமில்லை

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எளிய சொல்லில் கவிதை எழுதினால் "இதில் என்ன ஆழம் இருக்கிறது" என்று கூட்டாளிகள் கேட்கிறார்கள். கல்யாணத்தைக் கோயிலில் வைத்து, வீட்டு வளவுக்குள்ளேயே பந்தல் போட்டுச் சாப்பாடு கொடுப்போம் என்றால், "இல்லாத வீட்டுக் கல்யாணம் என்று ஊர் கதைக்கும்" என்று அம்மா அழுகிறா. எளிமைக்கு உண்மையிலேயே ஒரு பெறுமதி இருக்கிறதா, இல்லை இயலாதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வார்த்தையா அது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எட்டு வரிக் கவிதை ஒன்றும் அனுப்பியிருக்கிறீர்கள். கவிதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். 'எளிது' என்றால் சுலபம். 'ஏழை எளியவர்' என்றால் இல்லாதவர். ஒருவரை இழிவாக ஏசும்போதும் நம்முடைய ஆட்கள் 'எளியவன்' என்பார்கள். அம்மா பயப்படுவது இந்தப் பொருளுக்குத்தான். அவவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. வறுமையையும் இழிவையும் அந்தச் சொல்லோடு நம்முடைய மொழியே சேர்த்து வைத்திருக்கிறது. ஆனால் இன்னொரு பொருளும் உண்டு. நல்ல அரசன் எப்படி இருப்பான் என்று சொல்ல வந்த வள்ளுவர் 386ஆம் குறளில் 'காட்சிக்கு எளியன்' என்கிறார். போய்ப் பார்க்கலாம், கிட்ட நிற்கலாம், மனக்குறையைச் சொல்லலாம், வாசலில் யாரும் மறிக்க மாட்டார்கள். அந்த அரசனுக்கு அரண்மனையும் முடியும் யானையும் இருக்கத்தான் செய்யும். அவனிடம் என்ன இல்லை என்று பார்த்து வள்ளுவர் அவனை எளியன் என்று சொல்லவில்லை. மற்றவர்கள் அவனிடம் வர முடிகிறதா என்று பார்த்துச் சொன்னார். நானும் இந்தப் பதிலில் எளிமை என்று சொல்வது அதைத்தான்: அடுத்த ஆள் உள்ளே வர வழி விட்டிருப்பது.

நம்மைப் பற்றி வெளியூரார் சொல்லும் கதையிலேயே இது இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பார்கள். மந்திரம் செய்து ஆளை மடக்கிவிடுவார்கள் என்ற பொருளில் சிலர் சொல்வார்கள். உபசரிப்பில் எழும்பிப் போக மனம் வராது என்று நாம் அதற்குப் பதில் சொல்வோம். எப்படிப் பார்த்தாலும் கதையில் இருப்பது பாய்தான். வந்தவருக்குப் பாயை விரித்து, வட்டா என்று நாம் சொல்லும் வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்தால் உபசாரம் தொடங்கிவிட்டது. கதிரை என்றால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கதிரை இருக்கிறது என்று எண்ண வேண்டும். பாயில் மூன்று பேர் இருந்த இடத்தில் நெருங்கினால் ஆறு பேர் இருக்கலாம். தவழுகிற பிள்ளையும் விழாது.

அந்தப் பாய் சும்மா வந்ததல்ல. என்னுடைய பெத்தா, அதாவது பாட்டி, பன்பாய் இழைப்பா. குளத்தோரத்துப் பன் புல்லை வெட்டிவந்து, ஒரே நீளமாகத் தெரிந்தெடுத்து வெயிலில் போடுவா. கூடக் காய்ந்தால் முறிந்துபோகும். குறையக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கையில் எடுத்து வளைத்துப் பார்த்தே பதம் சொல்லுவா. ஒருநாள் சிவப்புச் சாயத்தில் அவித்த பன் ஒரு கட்டு திண்ணையில் கிடந்தது. அதைப் பாய் முழுக்க வைக்கச் சொல்லி நான் அடம்பிடித்தேன். அவ இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வரி, நடுவில் ஒரு வரி வைத்தா, அவ்வளவுதான். "எல்லாம் செவப்பெண்டா செவப்பு எங்க மனே தெரியிற?" என்றா. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். பிறகு படித்த புத்தகங்கள் எதுவும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லவில்லை. அவ சாயத்தை வெறுத்தவ அல்ல. அது தெரிவதற்கு இடம் விட்டா.

சரி, எளியது என்றால் கஷ்டமில்லாதது என்று நினைப்பவர்கள் ஒருநாள் சொதி வைத்துப் பார்க்க வேண்டும். இறைச்சிக் கறியில் தூள் கூடினாலும் குறைந்தாலும் எப்படியாவது சமாளிக்கலாம். சொதியில் என்ன இருக்கிறது? தேங்காய்ப்பால், வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு. இரண்டாம் பாலில் எல்லாவற்றையும் அவியவிட்டு, முதற்பாலை விட்ட பிறகு அகப்பையைக் கையில் இருந்து வைக்கக் கூடாது. ஒரு கொதி கூடினால் பால் திரைந்துவிடும். தேசிக்காய் புளி இறக்கிய பிறகுதான். தேங்காய் பழசு என்றால் முதல் வாயிலேயே தெரியும். ஆற்றுத் திரளி இரண்டு துண்டு போட்டால், அந்த மீன் காலையில் பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்பதும் தெரிந்துவிடும். சொதியில் எதையும் ஒளிக்க இடமில்லை.

அதனால் உங்கள் கூட்டாளிகள் "என்ன இருக்கிறது" என்று கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. எளிய கவிதையில் ஒன்றும் இல்லாவிட்டால் வாசித்த உடனேயே பிடிபட்டுவிடும். கனத்த சொல்லால் மூடிய கவிதை வெறுமையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கச் சில காலம் போகும். அந்தக் காலத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்பதற்காகவே கனத்த சொல்லைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்கள் கடைசி வரி எனக்குச் சொன்னது.

அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலும் நம்முடைய வயல்களிலும் வாய்வழி வந்த கவிகளைக் கேட்டிருப்பீர்கள். கிழட்டு மாப்பிள்ளை ஒருவரைத் தனக்குப் பேசி வந்ததும் ஒரு பெண் சொன்னதாக வரும் கவி இது:

கச்சான் அடித்தபின்பு காட்டில் மரம் நின்றதுபோல்
உச்சியிலே நாலு மயிர் ஓரமெல்லாம் தான் வழுக்கை

கச்சான் என்றது இங்கே கடலையை அல்ல, காற்றை. சிறுபோகக் காலத்தில் தென்மேற்கில் இருந்து வரும் அனல் காற்று. உதடு வெடிக்கும், கிணறு இறங்கும், மரத்தில் இலை நிற்காது. அந்தப் பெண் 'வயது போனவர்' என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு மரத்தைக் காட்டினாள். வயது காற்றாக வந்து அடித்துவிட்டுப் போய்விட்டது, மாப்பிள்ளை அப்படியே நிற்கிறார். கச்சானை ஒருநாள் முகத்தில் வாங்கியவருக்கு இதில் விளங்காத சொல் ஒன்றும் கிடையாது. வாப்பாவின் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத ஒரு வீட்டில் இதைச் சொல்ல முடிந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். இதைக் கட்டியவளின் பெயர் யாருக்கும் தெரியாது. யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவுக்கு இலேசாக அதைச் செய்துவைத்தாள். கேட்டவர்கள் கொண்டுபோனார்கள், இன்னும் கொண்டுபோகிறார்கள். ஆழம் என்று உங்கள் கூட்டாளிகள் சொல்வது இதில் இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது?

கூத்தைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நான் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் வளர்ந்தவன், மத்தளச் சத்தத்தில் நித்திரை கொண்டவன். வட்டமாக மண் போட்டு உயர்த்திய களரி. நடுவில் மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார், பக்கத்தில் தாளமும் பிற்பாட்டுக்காரரும். சுற்றிவர நான்கு பக்கமும் சனம். திரை இல்லை, காட்சி கீறிய சீலை இல்லை. ராசா களரியை ஒரு சுற்றுச் சுற்றினால் காட்டைக் கடந்தாயிற்று. இன்னொரு சுற்றில் போர்க்களம் வந்துவிடும். ஆனால் அந்த ராசாவின் உடுப்பைப் பாருங்கள். வடமோடி என்ற கூத்து வகையில் கரப்புப் போல விரிந்த பாரமான உடுப்பு, கண்ணைப் பறிக்கும் முடி, சதங்கை. அதை எளிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெறும் மண்ணில் நிற்பதால்தான் அந்த உடுப்பு அப்படி மின்னுகிறது. பெத்தாவின் சிவப்பு வரிதான் எனக்கு அதிலும் தெரிகிறது.

பதினாறு வயதில் எனக்கு ஒரு இளவரசன் வேசம் கிடைத்தது. பழக்கம் என்று நாம் சொல்லும் ஒத்திகை மாதக் கணக்கில் இரவில் நடக்கும். சனத்துக்கு நம்முடைய ஆட்டம் தெரியட்டும் என்று ஒவ்வொரு சுற்று முடிவிலும் நானாக ஒரு சுழற்சியைச் சேர்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அண்ணாவியார் மத்தளத்தை நிற்பாட்டினார். களரி அமைதியானது. "தம்பி, நீ சுத்தினது எனக்குத் தெரிஞ்சுது. ராசாட மகன் வந்தது தெரியல்ல" என்றார். ஏசவில்லை. திரும்பவும் மத்தளத்தில் கை வைத்தார். அந்தச் சுழற்சியை விட்ட பிறகு வெறும் நடையை ஆடவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. தோளை எங்கே வைப்பது, பார்வை எங்கே போவது, எந்தத் தாளத்தில் மூச்சை விடுவது, எல்லாம் அந்த நடைக்குள் இருந்தன. சுழற்சி இருந்தவரைக்கும் அவை எனக்குத் தேவைப்படவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். குறுக்கிவிட்டால் எளிமையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம்முடைய கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கி மேடையேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' வந்தது. கூத்து என்றால் படிக்காதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கியவர்களையும் அது உட்கார்ந்து பார்க்க வைத்தது. அந்தக் கடன் நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் ஊர்க் கூத்து விடியும்வரை நீள்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள், ஒரே வரவை நீட்டி ஆடுவார்கள். நடுவில் பிள்ளை நித்திரையாகலாம், ஒருவர் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகலாம், வயல் காவலுக்குப் போனவர் நடுச்சாமத்தில் வந்து சேரலாம். எவர் எப்போது வந்தாலும் கதையில் ஏறிக்கொள்ளலாம். ஒன்றரை மணித்தியாலக் கூத்தில் பத்து நிமிசம் பிந்தினால் கதை போய்விடும். இரண்டில் எதில் எளிமை அதிகம் என்று கேட்டால் நான் விடியும்வரை ஆடுவதைத்தான் சொல்லுவேன். உங்கள் கவிதை நீண்டால் பயப்படத் தேவையில்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

கல்லடியில் இருப்பதால் சிவானந்தா பள்ளிக்கூட வளவில் விபுலாநந்த அடிகளின் சமாதியைக் கண்டிருப்பீர்கள். 1892இல் காரைதீவில் பிறந்தவர். விஞ்ஞானம் படித்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவருடைய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் காலமானார். இசைக் கணக்கும் பழந்தமிழ் நூலறிவும் நிறைந்த அந்த நூலை நான் இன்றும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். அது சுலபமாக இருக்க முடியாது, இருக்கவும் தேவையில்லை. மறைந்துபோன ஒரு யாழைக் கணக்குப் போட்டு மீட்க வந்த நூல் அது. அதே மனிதர்தான் இறைவனுக்கு எந்தப் பூ வேண்டும் என்று கேட்டு, மல்லிகையும் வேண்டாம் வேறு மலரும் வேண்டாம், உள்ளக் கமலம் போதும் என்று பாடினார். பள்ளிக்கூடத்தில் ஒரு தரம் கேட்ட பிள்ளைக்கு அந்தப் பாட்டு வாழ்நாள் முழுக்க மறக்காது. சமாதியில் பொறித்திருப்பது அந்தப் பாட்டுத்தான். பூ வாங்கக் காசில்லாத ஆளும் கோயில் வாசலைத் தாண்டலாம் என்று அந்தப் பாட்டு வழி விடுகிறது.

மண்டூர் முருகன் கோயிலில் பூசை பார்த்திருக்கிறீர்களா? பூசை செய்பவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று செய்வார். மந்திரம் காதில் விழாது. சமஸ்கிருதம் தெரிந்தவரும் கையெழுத்து வைக்கத் தெரியாதவரும் அந்தத் திரைக்கு முன்னால் ஒரே மௌனத்தைத்தான் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அங்கே நிற்கும்போது எனக்கு ஏற்படும் அமைதி, ஒலிபெருக்கி கட்டிய வேறு எந்தத் திருவிழாவிலும் ஏற்பட்டதில்லை.

இனி, நீங்கள் கேட்ட கேள்வியின் கசப்பான பக்கம். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் சனம் தங்கியிருந்த நாட்களில் நானும் உதவிக்குப் போய் வந்தேன். எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் வகுப்பறை மூலையில் பாயில் இருந்தா. பார்க்க வந்தவர்களுக்குப் பால்மா டின் மூடியில் வெற்றிலையை வைத்து நீட்டினா. வெளியூரில் இருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்து நெகிழ்ந்து, "இந்த மக்கள் எவ்வளவு எளிமையாக வாழ்கிறார்கள்" என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போன பிறகு மாமி என்னிடம், "என்ட வட்டா கடலுக்க கிடக்கு மனே" என்றா. அன்றிலிருந்து, இல்லாதவரைப் பார்த்து எளிமை என்று புகழும் எந்தப் பேச்சையும் நான் ஏற்பதில்லை. வட்டா வைத்திருப்பவர் டின் மூடியை எடுத்தால் அது எளிமையாக இருக்கலாம். வட்டா பறிபோனவருக்கு முதலில் வட்டா வேண்டும். தோட்டத்தில் கூலிக்கு நிற்பவருக்கும் வாடகை வீட்டில் இருப்பவருக்கும் எளிமையைப் போதிக்கும் உரிமை என்னைப் போல ஓய்வூதியம் எடுக்கும் ஆளுக்குக் கிடையாது.

அதனால்தான் உங்கள் கல்யாணக் கதையில் நான் அம்மாவின் பக்கமும் கொஞ்சம் நிற்கிறேன். ஒரு காலத்தில் உண்மையாகவே இல்லாமல் இருந்தவர்களுக்கு 'இல்லாத வீடு' என்ற சொல் சுடும். கொள்கை சொல்லி அவவை மடக்கப் பார்க்காதீர்கள். அதைவிட, மண்டபமும் வீடியோவும் உங்கள் வீட்டின் பெரிய பாரம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நம்முடைய பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் அப்படித்தான். பெண் தன் வீட்டில் இருப்பாள், மாப்பிள்ளை அங்கே வருவார். பெண்ணுக்கு நிழல் வேண்டும் என்று யோசித்துச் செய்த நல்ல வழக்கம் அது. அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் தங்கச்சியின் வீட்டுக்கு மாடியும் மாபிளும் வேண்டும் என்பதற்காகக் கட்டாரில் இளமையைத் தொலைக்கும் தமையன்மாரை எத்தனை பேரைக் கண்டுவிட்டோம். உங்கள் அண்ணனும் அங்கே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எளிமையைப் பற்றி வீட்டில் பேசுவதானால் அங்கிருந்து தொடங்குங்கள்: இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் போதும், அண்ணன் அடுத்த வருசம் வந்துவிடட்டும். இதைக் கேட்டு அம்மா அழ மாட்டா என்றுதான் நினைக்கிறேன்.

கல்யாண நாளுக்கு ஒரு வழி சொல்கிறேன். இடத்தை முடிவு செய்ய முந்தி, வர வேண்டிய ஆட்களின் பெயரை அம்மாவோடு இருந்து எழுதுங்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்து, இவர் மண்டபத்துக்கு வருவாரா என்று கேளுங்கள். நல்ல சீலை இல்லை, என்வெலப்புக்குள் வைக்கக் காசில்லை என்று நின்றுவிடும் பெரியம்மா ஒருவர் கட்டாயம் இருப்பா. வளவில் பந்தல் என்றால் அவ முதல்நாள் பின்னேரமே தேங்காய் துருவ வந்திருப்பா. பிறகு அம்மாவிடம், அவவுக்கு என்ன ஒன்று பெரிதாக வேண்டும் என்று கேளுங்கள். நாதஸ்வரமோ, பாற்புக்கையோ, தன்னுடைய தாலிக்கொடியின் அளவோ, எதுவாகவும் இருக்கலாம். அந்த ஒன்றைக் குறைவில்லாமல் செய்யுங்கள்.

இனி உங்கள் கவிதை. முதல் ஆறு வரியில் 'காலத்தின் கருவறை', 'மௌனப் பேரண்டம்', 'நித்திய நீலவெளி' எல்லாம் வருகின்றன. வாசித்து முடித்த பிறகு எனக்கு வாவியும் தெரியவில்லை, அப்பாவும் தெரியவில்லை. கடைசி இரண்டு வரியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

வலையைத்தான் முதலில் காயவைத்தார் அப்பா
பிறகுதான் தன் சட்டையை

இதை வாசித்ததும் நான் உங்கள் கடிதத்தை மடித்து வைத்தேன். நனைந்த சட்டையோடு ஒரு மனிதர் வலையை உதறி விரிப்பதும், உள்ளே இருந்து ஒரு பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. அந்த வீட்டில் எது முதலில் என்பதும் தெரிந்தது. கூட்டாளிகள் ஆழம் கேட்டால் இந்த இரண்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

மற்ற ஆறு வரியையும் அழிக்கச் சொல்லவில்லை. அவற்றுக்குப் பதிலாக அந்தப் பின்னேரத்தில் நீங்கள் கண்டதை எழுதிப் பாருங்கள்: அப்பா எத்தனை மணிக்கு வந்தார், சட்டையை எந்தக் கயிற்றில் போட்டார், என்ன மீன் இருந்தது, அம்மா அவரிடம் முதலில் என்ன கேட்டா. பிறகு அதை அப்பாவுக்கே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் தலையை நிமிர்த்துகிறார் என்று கவனித்து, எனக்கு எழுதுங்கள்.